கடம்பாவுக்கு ஒரு சிட்டிகை உப்பு

சென்ற வாரம் எங்கள் கல்லூரி ஆய்வுக்கூடத்தில் ஆளுக்கொரு தட்டில் ஒரு பிராணியை வைத்து அறுக்கச் சொன்னார்கள். அறுப்பதற்கு முன்னாலேயே சண்டை வந்துவிட்டது. தூத்துக்குடிக்காரி அதைக் கணவாய் என்றாள். கணவாயில் ஓடு உள்ளது வேறு, இது ஊசிக் கணவாய் என்று நாகப்பட்டினத்துக்காரி திருத்தினாள். கொச்சியிலிருந்து வந்தவள் கூந்தல் என்று சொல்லிவிட்டு, நாங்கள் சிரித்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நான் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, இது கடம்பா என்றேன். சொன்ன வேகத்தைக் கண்டு ஆசிரியை மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு என்னைப் பார்த்தார். பார்க்கத்தான் செய்வார். செம்பரம்பாக்கம் ஏரியைத் தவிர வேறு நீரைக் காணாத குத்தம்பாக்கத்துப் பெண்ணுக்குக் கடல் பிராணியின் பேரில் இத்தனை அழுத்தம் எதற்கு?

காரணம் இருக்கிறது. என் அக்காவின் கல்யாணம் இந்தப் பிராணியால் நடந்தது. அன்றைக்கு நடந்தது முழுக்க எனக்கு ஞாபகம் இருக்கிறது. புரிந்தது எவ்வளவு என்று கேட்டால், அதுதான் வேண்டாம்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. யுத்த காலம். ஜப்பான்காரன் குண்டு போடப் போகிறான் என்று பட்டணத்து ஜனம் மூட்டை கட்டிக்கொண்டு நாலா பக்கமும் ஓடியபோது, ராயபுரத்துக் குடும்பம் ஒன்று எங்கள் தெருவில் வந்து நாலு மாதம் தங்கியது. எங்கள் ஜனம்தான். பூர்வீகம் ஆவடிப் பக்கத்துச் சேக்காடு. பாட்டன் காலத்திலேயே துறைமுக வேலைக்குப் போய் அங்கேயே தங்கிவிட்டவர்கள். அந்த வீட்டுப் பிள்ளைக்குத் துறைமுகத்தில் எழுத்து வேலை. ஞாயிற்றுக்கிழமை தோறும் ரயிலில் ஆவடி வந்து, அங்கிருந்து சைக்கிளில் எங்கள் ஊருக்கு வருவார். அவர் வருகிற நாளில் மட்டும் அக்கா கிணற்றுக்கு நாலு நடை கூடுதலாகப் போவாள். இத்தனை தண்ணி எதுக்குடி என்று அம்மா கேட்டால், தொட்டி ஒழுகுது என்பாள். நான் தொட்டியைச் சுற்றிச் சுற்றித் தடவிப் பார்த்திருக்கிறேன். ஒரு சொட்டு ஒழுகவில்லை.

பயம் தெளிந்து அவர்கள் ராயபுரம் திரும்பினார்கள். திரும்பிய இரண்டாம் மாதம் அக்காவைப் பெண் கேட்டு ஆள் அனுப்பினார்கள்.

அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். நைனாவுக்கு இதில் பாதி மனசு. அம்மாவுக்கு மனசே இல்லை. அம்மாவுக்கு ஒரே தம்பி. தாயில்லாப் பிள்ளையென்று அவரைத் தூக்கி வளர்த்து எங்கள் வீட்டோடு வைத்துக்கொண்டவள் அவள். மாமா நைனாவோடு சேர்ந்து ஏரிப் பாசனத்தில் உழுதார். அக்கா பெரியவளானபோது பச்சை ஓலை வெட்டிவந்து குடிசை கட்டியவரும் அவர்தான். முறை மாமன் வீட்டிலேயே இருக்கும்போது பெண்ணை உப்புத்தண்ணி ஊருக்கு அனுப்புவானேன் என்பது அம்மாவின் கட்சி. மாமாவின் கட்சி என்னவென்று ஒருவருக்கும் தெரியாது. கேட்டால், "அதுக்கு இன்னா இப்போ" என்று மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வெளியே போய்விடுவார்.

ஒரு வாரம் யோசித்து நைனா ஒரு வழி சொன்னார்.

"ஒண்ட வந்த எடத்துல எவனும் நல்லவன்தான். அவன் ஊட்ல அவன் எப்பிடி கீறான்னு ஒரு தபா பாத்துகினு வரலாம். சரியில்லன்னா தையிலயே மச்சானுக்குக் கட்டி வெச்சுடலாம்."

நைனா, பெரியப்பா, மாமா என்று மூன்று பேர் புறப்பட்டார்கள். நல்ல காரியத்துக்கு மூன்று பேர் போனால் விளங்காது என்று அம்மா சொல்ல, நாலாவது தலையாக என்னைச் சேர்த்தார்கள். விளங்காமல் போகட்டும் என்றுதானே அம்மா நினைத்திருக்க வேண்டும், எதற்காக என்னைச் சேர்த்தாள்? இது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. சகுனம் பார்க்கிற பழக்கம் ஆசையையும் மீறிவிடும் போலிருக்கிறது.

அம்மா புளிச்சோறு கட்டிக் கொடுத்தாள். கொடுக்கும்போதே என் கன்னத்தைப் பிடித்துத் திருப்பி, "அங்க தண்ணி குடி, போதும். ஒண்ணும் வாயில வெக்கக் கூடாது. வெச்சியோ, சூடு" என்றாள். எங்கள் பக்கத்தில் சம்பந்தம் பேசி முடிகிறவரை அந்த வீட்டில் கை நனைக்க மாட்டார்கள். தண்ணீர் குடிக்கலாம், வெற்றிலை போடலாம். சாப்பிட்டுவிட்டால் சம்மதம் என்று அர்த்தம். சாப்பிட்டுவிட்டு மாட்டேன் என்ற குடும்பத்தில் பிறகு யாரும் பெண் எடுக்க மாட்டார்கள், கொடுக்கவும் மாட்டார்கள். பெரியப்பாவுக்கு இந்த வழக்கத்தின்மேல் தீராத வருத்தம். நாலு ஊர் சுற்றி நாற்பது சம்பந்தம் பேசியும் நல்ல சோறாக ஒரு வேளை தின்றதில்லை என்பார்.

அக்கா எனக்குத் தலை பின்னிவிட்டாள். ஜடையை இறுக்கிக்கொண்டே காதோரம் சொன்னாள்: "அங்க போயி மாமா இன்னா சொல்றாரோ அதச் செய்யி. வேற யாரு இன்னா சொன்னாலும் அப்பறம்."

அம்மாவும் அக்காவும் ஆளுக்கொன்று சொல்லிவிட, இரண்டையும் தலைக்குள் வைத்துக்கொண்டு வண்டியேறினேன். ஆவடி வரை மாட்டு வண்டி, பிறகு ரயில், பிறகு டிராம், கடைசியில் நடை. டிராமைப் பற்றி மட்டும் நாலு பக்கம் எழுதுவேன். இப்போது வேண்டாம்.

சந்துக்குள் ஓட்டு வீடு. கடல் கண்ணுக்குத் தெரியவில்லை, மூக்குக்குத் தெரிந்தது. பெரியவர்கள் முன்கூடத்தில் பாயில் உட்கார்ந்தார்கள். மாப்பிள்ளை சுவரோரம் நின்றார். வேலை என்ன, மேலதிகாரி எப்படி, சுருட்டுப் பழக்கம் உண்டா என்று நைனா ஒன்றொன்றாகக் கேட்டார். எனக்குச் சலித்துவிட்டது. பின்கட்டில் தண்ணீர் சலசலப்புக் கேட்டு அங்கே போனேன்.

மாப்பிள்ளையின் அம்மா அரிவாள்மணை போட்டு உட்கார்ந்திருந்தார். முறத்தில் வழவழவென்று ஏதோ கிடந்தது. உறைபோல ஒரு உடம்பு, அதன் வாயிலிருந்து கொத்தாகக் கால்கள். அதன் தலையைப் பிடித்து இழுத்தார். உள்ளேயிருந்து ஒரு பை வந்தது, பை உடைந்து மை கொட்டியது. சத்தியமாக மைதான், எங்கள் பள்ளிக்கூடத்து மைக்கூட்டில் இருக்கும் அதே கறுப்பு. அப்புறம் உறைக்குள் இரண்டு விரலை விட்டு, கண்ணாடிபோல ஒரு நீளத் தகட்டை உருவினார். முனை கூராக இருந்தது. பேனாவும் மையும் உள்ளேயே வைத்துக்கொண்டு ஒரு பிராணி கடலில் நீந்துகிறது என்று கண்டபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. பள்ளிக்கூடத்தில் யாரிடம் முதலில் சொல்வது என்றுகூட முடிவு செய்துவிட்டேன்.

"இது மீனா?" என்று கேட்டேன்.

"மீன்காரிதான் குடுத்தா. ஆனா மீனுன்னு சொல்ல மாட்டோம். கடம்பா."

"முள்ளு கீதா?"

"இல்ல."

"செதிலு?"

"அதுவும் இல்ல."

"அப்ப ரத்தம்?"

"எங்க, இந்தக் கறுப்புதான் வருது." அவர் சிரித்துவிட்டார். "ஏம்மே, மாப்ள பாக்க வந்தியா, பரீட்ச வெக்க வந்தியா?"

தோலை உரித்ததும் அது தேங்காய்ப் பருப்பாக வெளுத்தது. வட்ட வட்டமாக நறுக்கி, சின்ன வெங்காயமும் மிளகும் போட்டுச் சட்டியில் வதக்கினார். விருந்தாளிகள் சாப்பிடப் போவதில்லை என்று அவருக்குத் தெரியும். அவர்கள் வீட்டு மத்தியானச் சோற்றுக்கு அது. நான் அடுப்பைவிட்டு நகரவில்லை.

கால் கழுவ வந்ததாக மாமா அங்கே வந்தார். காலைக் கழுவவில்லை. சட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி சட்டியைப் பார்த்தார். உழவு மாடு சேற்றில் நிற்குமே, அந்த மாதிரி ரொம்ப நேரம் நின்றார்.

"கொயந்த ஆசப்படுது. ஒண்ணு ரெண்டு குடுங்க" என்றார்.

அந்த அம்மாளின் கரண்டி நின்றது. "பேச்சு இன்னும் முடியலியே தம்பி."

"கொயந்தைக்கு இன்னா பேச்சு."

அவர் மாமாவின் முகத்தைப் பார்த்தார். அப்புறம் மந்தார இலையில் நாலு வளையம் வைத்து என்னிடம் நீட்டினார். அம்மாவின் சூடு ஞாபகம் வந்தது. அக்காவின் சொல்லும் ஞாபகம் வந்தது. மாமா, "தின்னு" என்றார்.

அழிரப்பரைக் கடித்துப் பார்த்தவர்களுக்கு முதல் இரண்டு மெல்லு எப்படியிருந்தது என்று சொல்ல வேண்டாம். மூன்றாவது மெல்லில் ஒரு தித்திப்பு வந்தது. எறால் மாதிரி, ஆனால் எறால் இல்லை.

"உப்பு போதுமா?" என்றார் மாமா.

போதும் என்றுதான் சொல்ல வந்தேன். அவரே, "கம்மியாத்தான் இருக்கும்" என்றார். பிறகு அந்த அம்மாளிடம், "உங்க கையாலயே ஒரு சிட்டிக போட்டுடுங்கம்மா" என்றார். அவரும் உப்புச் சட்டியிலிருந்து ஒரு சிட்டிகை எடுத்து என் இலையில் தூவினார். அடுத்த வளையம் கரித்தது. மாமாவுக்கு என்மேல் இவ்வளவு அக்கறையா என்று நினைத்துக்கொண்டேன்.

"இது பேரு நைனாவுக்கே தெரியாது. போயி சொல்லு" என்றார் மாமா.

நைனாவுக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரியும் என்பதைவிட என்ன வேண்டும். இலையோடு முன்கூடத்துக்கு ஓடினேன். "நைனா, இதுக்குப் பேரு கடம்பா. மீன் இல்ல, கறி இல்ல, காயும் இல்ல. உள்ள பேனா கீது" என்றேன், வாயில் மென்றுகொண்டே.

வெற்றிலையில் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்த நைனாவின் விரல் அப்படியே நின்றது. பெரியப்பா இலையைப் பார்த்த பார்வையில் கண்டிப்பு இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. மாப்பிள்ளை மட்டும் எழுத்து வேலைக்காரர் ஆயிற்றே, "தெக்கத்திக்காரங்க கணவாய்ம்பாங்க, இங்க கடம்பான்னுதான் சொல்லுவோம்" என்று ஒழுங்காக விளக்கினார். விளக்கி முடித்த பிறகுதான் அவருக்கே விஷயம் உறைத்தது. முகம் சிவந்து சுவரைப் பார்த்தார். அவர் அம்மா கையைத் துடைத்துக்கொண்டு வாசற்படியில் வந்து நின்றார்.

"பொண்ணு ஊட்டுக் கொயந்த கை நனச்சிட்டா" என்றார் மெதுவாக.

பின்னாலிருந்து மாமாவின் குரல் வந்தது.

"உன்ன யாரு தின்னச் சொன்னது?"

நீதானே மாமா என்று சொல்ல வாயைத் திறந்தேன். அவர் என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்க்கவில்லை. அது என்ன பார்வை என்றும் எனக்குத் தெரியவில்லை. மாமா சொன்னபடி செய் என்றாளே அக்கா, இப்போது அவர் என்ன சொல்கிறார் என்று யோசித்துப் பார்த்து, பேசாதே என்கிறார் என்று ஊகித்து, வாயை மூடிக்கொண்டேன். மிச்சமிருந்த வளையத்தை என்ன செய்வது என்று தெரியாமல் விழுங்கினேன்.

ஆள் அனுப்புகிறோம் என்று நைனா எழுந்தார்.

ரயிலில் பெரியப்பா புளிச்சோற்றைப் பிரித்துக்கொண்டே வாதத்தைத் தொடங்கினார். "முள்ளு இல்லாதது மீனா? ரத்தம் இல்லாதது கறியா? மீனும் இல்ல கறியும் இல்லன்னா அத தின்னது கணக்கே இல்ல. கொயந்த ஒரு முறுக்கு தின்னான்னு வெச்சிக்கோ." நைனா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். ஆவடியில் இறங்கியதும் பெரியப்பா விடாமல், ஸ்டேஷன் வாசலில் ஏரி மீன் விற்றுக்கொண்டிருந்த கிழவியிடம் நியாயம் கேட்டார்.

"கடம்பாவா?" என்றாள் அவள். "மீனு விக்கறவ கையில இருந்தா மீனு. சட்டில இருந்தா கொயம்பு. உனுக்கு இன்னா வோணும், கெளுத்தி கீது, வாங்கிகினு போ."

பெரியப்பா கெளுத்தி வாங்கிக்கொண்டு வந்தார். நியாயம் கிடைக்கவில்லை.

வீட்டில் விளக்கு வைக்கிற நேரத்துக்கு முன்னாலேயே விசாரணை தொடங்கிவிட்டது. நடுவில் நான். அம்மா இடுப்பில் கை வைத்து நின்றாள்.

"இன்னாடி தின்ன?"

"கடம்பா."

"அப்பிடின்னா?"

"வட்டமா இருக்கும். கணவாய்னும் சொல்லுவாங்களாம்."

"மீனா?"

"இல்ல. செதிலு இல்ல, முள்ளு இல்ல, ரத்தமும் இல்ல." பாடம் ஒப்பிக்கிற குரலில் சொன்னேன்.

அம்மாவின் முகம் தெளிந்தது. பெரியப்பாவின் வாதத்தை அவளே எடுத்துக்கொண்டாள். மீனும் இல்லை, கறியும் இல்லை, சோற்றோடும் தின்னவில்லை. பேரே ஊருக்கு ஒன்றாக இருக்கிற வஸ்துவைத் தின்றதற்கு நாம் கட்டுப்பட வேண்டுமா? குழந்தை மண்ணைத் தின்றது மாதிரி அது. பெரியப்பா தலையாட்டினார். நானும் ஆட்டினேன். சூடு இல்லை என்று தெரிந்துவிட்டது. உள்கதவின் ஓரத்தில் அக்காவின் கால் விரல்கள் தெரிந்தன. பெருவிரல் தரையை அழுத்திக்கொண்டிருந்தது.

நைனா ஒன்றே ஒன்று கேட்டார்.

"அதுல உப்பு போட்டிருந்துதா?"

நான் அறிவாளி. கேட்ட கேள்விக்கு முழு விடை சொல்லிப் பழகியவள். "கம்மியா இருந்துது நைனா. அப்பறம் அந்த அம்மாவே அவங்க கையால ஒரு சிட்டிக போட்டாங்க. அதுக்கப்பறம் ரொம்பக் கரிச்சுது."

"அவங்களாவே போட்டாங்களா?"

மாமாவைப் பார்த்தேன். அவர் கன்றுக்குட்டியின் கயிற்று முடிச்சை அவிழ்த்துக்கொண்டிருந்தார். அவிழ்த்து, மறுபடி அதையே கட்டினார்.

"ஆமா" என்றேன்.

நைனாவும் மாமாவை வெகுநேரம் பார்த்தார். பிறகு துண்டை உதறித் தோளில் போட்டார். "மீனோ, கல்லோ, இன்னா பேரு வேணா வெச்சிக்கோ. அவங்க கை உப்ப நம்ம ஊட்டுப் புள்ள தின்னுட்டுது. தின்னுட்டு இல்லன்னு சொல்ல என்னால ஆவாது. முடிஞ்சுபோச்சு."

அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். "டேய், நீயாவது ஒரு வார்த்த சொல்லேண்டா" என்றாள் தம்பியிடம்.

"கொயந்த தின்னது தப்புதான்க்கா. தின்னாச்சு, இன்னா பண்றது" என்று கன்றை ஓட்டிக்கொண்டு மாமா கொல்லைப் பக்கம் போனார்.

எனக்குச் சூடு விழவில்லை. ஆனால் அம்மா என்னோடு மூன்று நாள் பேசவில்லை. அக்கா உள்ளே இழுத்து, மாமா அங்கே என்ன சொன்னார் என்று கேட்டாள். எல்லாவற்றையும் சொன்னேன், உப்பு உட்பட. கடைசியில், எல்லோர் எதிரிலும் திட்டினார் என்று புகாரும் வைத்தேன். கேட்டு அவள் சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். ராயபுரம் வேண்டுமா வேண்டாமா என்று இவளுக்கே தெரியவில்லை போலும் என்று முடிவுகட்டி விளையாடப் போனேன்.

தை மாதம் கல்யாணம் நடந்தது. பந்தக்கால் நட்டதிலிருந்து வாழைமரம் கட்டியதுவரை மாமாதான். பந்தியில் அவரைக் காணோமே என்று யாரோ கேட்டதற்கு, மாட்டுக்குத் தண்ணி காட்டப் போயிருக்கிறார் என்றார்கள்.

அதற்கப்புறம் பள்ளிக்கூட விடுமுறை வந்தால் மாமா என்னை ராயபுரத்துக்கு அழைத்துப் போவார். தலையில் புது அரிசி மூட்டை, கையில் கீரைக்கட்டு. வீட்டு வாசலில் மூட்டையை இறக்கிவிட்டுப் பாயில் உட்காருவார். மாப்பிள்ளை, சாப்பிடுங்கள் என்று எவ்வளவோ உபசரிப்பார். மாமா ஒரு சொம்புத் தண்ணீர் வாங்கிக் குடிப்பார், வெற்றிலை போடுவார், அவ்வளவுதான். அக்கா ஒவ்வொரு முறையும் கடம்பா வதக்குவாள், எங்கள் இருவருக்கும் சேர்த்து இலை போடுவாள். "எனுக்கு அது ஆவாதும்மா, கொயந்தைக்கு வெய்யி" என்பார் மாமா. அது மீனே இல்லை மாமா, பயப்படாமல் தின்னலாம் என்று நான் எடுத்துச் சொல்லியும் பார்த்தேன். அந்த வீட்டில் அவர் சோறோ குழம்போ எதையும் தொடாதது என் கண்ணில் படவில்லை. மாமாவுக்குக் கடம்பா பிடிக்காது என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

நான் தின்பதை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பார். பாதி தின்றதும் கேட்பார், ஒவ்வொரு தடவையும் அதே கேள்வி.

"உப்பு சரியா கீதா?"

உள்ளே அக்காவின் கரண்டிச் சத்தம் நின்றுவிடும்.

"சரியா கீது மாமா" என்று சொல்லிவிட்டு, அவர் இலையிலிருந்ததையும் என் பக்கம் இழுத்துக்கொள்வேன்.